கருவிப் பெட்டி: இடம் போதவில்லையா, பொறுமை போதவில்லையா?

சென்ற இதழில் வீடியோ கேம் ஆடும் கன்சோலின் மின்விசிறியில் சேரும் தூசியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் தூசியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எல்லோருக்கும் கேம்கள் தங்கும் டிஸ்க்தான் கவலை. ஆகவே இந்த முறை டிவி, கைப்பேசிக் கேள்விகளை ஒதுக்கிவைத்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறேன். 500 ஜிபியும் நிரம்பிவிட்டது. ஒரு கேம் திறப்பதற்குள் கொட்டாவியே வந்துவிடுகிறது. உள்ளே எஸ்எஸ்டி மாற்றுவதா, வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவதா?
— வங்கி ஊழியர் ஒருவர்

ஒரே மூச்சில் இரண்டு நோய்களைச் சொல்லிவிட்டீர்கள். இடம் போதவில்லை என்பது ஒன்று, தாமதமாகிறது என்பது இன்னொன்று. ஒன்றுக்கான மருந்தை வாங்கி மற்றொன்றுக்குச் சாப்பிடுகிறவர்கள்தான் பிறகு எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதுகிறார்கள்.

இடம் மட்டும்தான் குறை என்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருளிலிருந்து பிளேஸ்டேஷன் 4 வெளி டிஸ்க்கில் கேமை நிறுவவும், அங்கிருந்தே ஆடவும் அனுமதிக்கிறது. டிஸ்க் யுஎஸ்பி 3.0 வகையாக இருக்க வேண்டும். 250 ஜிபிக்குக் குறையக் கூடாது, 8 டிபியைத் தாண்டக் கூடாது. ஹப் வழியாகச் செருகினால் ஏற்காது, நேராகக் கன்சோலில்தான் செருக வேண்டும். செருகியதும் அது டிஸ்க்கை ஃபார்மேட் செய்யச் சொல்லும், அதாவது உள்ளதை எல்லாம் அழிக்கச் சொல்லும். அந்த டிஸ்க்கில் குடும்பப் புகைப்படங்கள் இருந்தால் முதலில் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்த பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.

இனி தாமதம். உங்கள் கன்சோலில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. தட்டின் வேகத்தைவிட, அதன் மேல் ஊசிபோல் அலையும் முனைதான் நேரத்தைத் தின்கிறது. ஒரு துண்டு இங்கே, அடுத்த துண்டு அங்கே என்று தேடித் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் அந்தக் கருவியை விளக்கிப் பேசியபோது, ஸ்பைடர்மேன் கேமில் சில தரவுத் துண்டுகள் ஹார்ட் டிஸ்க்கில் 400 இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன என்றார். முனை வெகுதூரம் அலையக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. உங்கள் இடப் பற்றாக்குறையின் ஒரு பகுதிக்குக் காரணமே அந்தத் தாமதம்தான்.

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் எழுதும் டிஸ்க். அதில் அலையும் முனை கிடையாது. ஆகவே தேடும் நேரம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் அட்டைப்பெட்டியில் நொடிக்கு 550 எம்பி என்று போட்டிருப்பது உங்களுக்குக் கிடைக்காது. முதல் பிளேஸ்டேஷன் 4 இலும் அதன் மெலிந்த வடிவமான ஸ்லிம்மிலும் டிஸ்க்கை உள்ளே இணைப்பது சாட்டா-2 என்ற பழைய வகை இணைப்பு. அதன் உச்சவரம்பே ஏறத்தாழ 300 எம்பிதான். 2016 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோவில்தான் சாட்டா-3 வந்தது. போதாக்குறைக்கு, சுருக்கி வைத்த தரவை விரித்துக் கொடுக்கும் செயலியும் பழையது. லோடிங் நேரம் நன்றாகவே குறையும், ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடாது. விலை உயர்ந்த ரகம் வேண்டவே வேண்டாம், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும்.

என்னைக் கேட்டால், நீங்கள் வாங்க வேண்டியது யுஎஸ்பியில் செருகும் எஸ்எஸ்டி. இடமும் கூடும், வேகமும் கூடும், ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். நாளை நீங்கள் பிளேஸ்டேஷன் 5 க்கு மாறினால் அதே டிஸ்க்கை அப்படியே அதில் செருகி, பழைய கேம்களை மறுபடி டவுன்லோடு செய்யாமல் ஆடலாம். உள்ளே போட்ட எஸ்எஸ்டி அந்தப் பழைய கன்சோலோடு தங்கிவிடும். வயதான கருவியின் வயிற்றுக்குள் பணத்தை வைத்து மூடுவதில் எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் உள் டிஸ்க்கை மாற்ற வேண்டிய அவசியம் எப்போதுதான் வரும்?
— அதே வங்கி ஊழியர், அடுத்த நாள் அனுப்பிய கடிதம்

அது சாகத் தொடங்கும்போது. உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வரும். மெனுவே உறைந்து நிற்கும். கேமை அழித்து நிறுவினாலும் திரும்பப் பழுதாகும். தரவுத்தளத்தை மறுசீரமைக்கும் வசதி பாதுகாப்புப் பயன்முறையில் (சேஃப் மோட்) இருக்கிறது. அதை இயக்கிப் பார்த்தும் பழையபடியே ஆனால் டிஸ்க்குக்கு விடைகொடுங்கள்.

மாற்றுவதற்கு வேண்டியது 2.5 அங்குல டிஸ்க். தடிமன் 9.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதிகக் கொள்ளளவு உள்ள சில ஹார்ட் டிஸ்க்குகள் 15 மி.மீ. இருக்கும், அவை உள்ளே நுழையாது. எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மி.மீ. என்பதால் அந்தக் கவலை இல்லை. டிஸ்க்கை மாற்றுவதைத் தயாரிப்பாளரே அனுமதித்திருக்கிறார், உத்தரவாதம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

இந்த வேலையில் கழற்றி மாட்டுவது சுலபம். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புது டிஸ்க் வெறும் காகிதம், அதில் கன்சோலின் மென்பொருள்கூட இருக்காது. கேம்களைத் திரும்ப டவுன்லோடு செய்துகொள்ளலாம். நீங்கள் விளையாடிய முன்னேற்றத்தை எங்கிருந்தும் டவுன்லோடு செய்ய முடியாது. ஆகவே சேமிப்புக் கோப்புகளை முதலில் ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் மேகத்திலும், அதாவது இணையச் சேமிப்பகத்திலும், ஏற்றிவிடுங்கள். பிறகு இன்னொரு பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, கன்சோல் மென்பொருளின் முழு நிறுவல் கோப்பை அதில் போடுங்கள். புதுப்பிப்புக் கோப்பு என்று இன்னொன்று அதே பெயரில், சிறிய அளவில் கிடைக்கும். அது இந்த வேலைக்கு உதவாது. முழுக் கோப்பு ஒரு ஜிபி அளவில் இருக்கும், அளவைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். கோப்புறைகளின் பெயர்களைத் தயாரிப்பாளரின் உதவிக் குறிப்பில் சொன்னபடியே பெரிய ஆங்கில எழுத்துகளில் வையுங்கள், ஓர் எழுத்து பிசகினாலும் கன்சோல் கண்டுகொள்ளாது. மாட்டி முடித்ததும் பவர் பொத்தானை இரண்டாவது ‘பீப்’ ஒலி கேட்கும்வரை, ஏறத்தாழ 7 நொடிகள், அழுத்திப் பிடித்தால் பாதுகாப்புப் பயன்முறை திறக்கும். மீதியை அதுவே கேட்டுச் செய்துகொள்ளும்.

ஹைப்ரிட் டிஸ்க் நல்லதா?
— அஞ்சலட்டையில் ஒரே வரி

காலம் கடந்தது. ஹார்ட் டிஸ்க்கோடு கொஞ்சம் ஃபிளாஷ் சில்லையும் சேர்த்துச் செய்தது அது. அதில் இருந்த 8 ஜிபி ஃபிளாஷ், அடிக்கடி படிப்பதை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் கேமை மாற்றினால் அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க்தான்.

தம்பி, எனக்கு 71 வயது. பேரனின் பிளேஸ்டேஷன் 5 இல் இடமே இல்லையாம். பிறந்தநாளுக்கு எஸ்எஸ்டி வேண்டும் என்கிறான். அவன் ஆடுவதைப் பார்த்தால் எப்போதும் அதே கால்பந்தும் அதே துப்பாக்கியும்தான். நிஜமாகவே தேவையா, அல்லது என்னைப் பிடித்துவைத்து ஏமாற்றுகிறானா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஐயா, இந்த மாதக் கடிதங்களில் கேட்க வேண்டியதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் எதை வாங்குவது என்கிறார்கள். வேண்டுமா என்று நீங்கள் மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

பேரனிடம் எத்தனை கேம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், பெரிய எண்ணாகச் சொல்வான். கன்சோலின் சேமிப்பகப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேம் ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி பிடிக்கிறது என்று அதில் தெரியும். பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, “இதைக் கடைசியாக எப்போது ஆடினாய்?” என்று மட்டும் கேளுங்கள். வகுப்பறையில் கேட்டுப் பழகிய குரலில் கேட்டால் பதில் உண்மையாக வரும். ஆடி முடித்த கேமை அழிக்கலாம். அதனால் அவனுடைய முன்னேற்றம் அழியாது. சேமிப்புக் கோப்பு தனியாக இருக்கும், கேமைத் திரும்ப நிறுவினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பையன்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் தாத்தாவிடம் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவதாக, வீட்டு இணையத்தின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். கேம்களின் எண்ணிக்கையைவிட இதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. 100 ஜிபி கேம் ஒன்றை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். இதே கேம் 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 11 மணி நேரம் பிடிக்கும். முதல் வீட்டில் அழிப்பது ஒரு பொருட்டே இல்லை, தேவைப்படும் அன்று மாலையே திரும்ப வந்துவிடும். இரண்டாவது வீட்டில் ஒரு கேமை அழித்தால் ஒரு நாளே போய்விடும். மாத அளவு வரம்பும் இருந்தால் அந்த வீட்டில் எஸ்எஸ்டி ஆடம்பரமே அல்ல. வட்டில் வாங்கியவற்றையும் கன்சோல் உள்ளே நகலெடுத்துத்தான் ஓட்டும் என்பதால் வட்டு இடத்தை மிச்சப்படுத்தாது. இணையத்தை ஓரளவு மிச்சப்படுத்தும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. வீட்டில் பழைய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தால், மேலே சொன்ன யுஎஸ்பி 3.0, 250 ஜிபி கணக்குக்குள் வருமானால், அதைப் பிளேஸ்டேஷன் 5 இல் செருகலாம். அந்தக் கன்சோலுக்கான கேம்கள் அதிலிருந்து ஓடாது. ஆனால் 2021 ஏப்ரலில் வந்த மென்பொருளிலிருந்து அவற்றை அங்கே நகர்த்தி வைத்து, வேண்டியபோது உள்ளே கொண்டுவரலாம். டவுன்லோடு செய்வதைவிட அது வெகு விரைவு. பிளேஸ்டேஷன் 4 கேம்கள் அதிலிருந்து நேரடியாகவே ஓடும். அவற்றை எல்லாம் வெளியே தள்ளினாலே பல வீடுகளில் சச்சரவு தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் அவனுக்கு இடம் போதவில்லை என்றால் பேரன் ஏமாற்றவில்லை. வாங்கிக் கொடுங்கள்.

பிளேஸ்டேஷன் 5 வாங்கியபோது 825 ஜிபி என்றார்கள். திறந்து பார்த்தால் 667 தான் இருக்கிறது. மீதியை யார் எடுத்தது?
— கோபத்துடன், ஒரு வாசகி

யாரும் எடுக்கவில்லை, கன்சோலே எடுத்துக்கொண்டது. அதன் இயங்குதளத்துக்கும் அன்றாட வேலைகளுக்கும் ஒதுக்கிய இடம் அது. மற்ற கன்சோல்களிலும் இதே கதைதான்: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 1 டிபியில் 802 ஜிபியும், சீரிஸ் எஸ்ஸில் 512 இல் 364 ஜிபியும்தான் கேம்களுக்குக் கிடைக்கும். நீங்கள் தனியாக வாங்கிச் செருகும் டிஸ்க்கில் இந்த அளவுக்குப் பிடித்தம் இருக்காது. ஆகவே 1 டிபி சேர்த்தால் உங்கள் இடம் இரண்டரை மடங்காகிவிடும். 2023 இறுதியில் வந்த பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்மில் 1 டிபியும், 2024 இல் வந்த புரோவில் 2 டிபியும் தயாரிப்பிலேயே இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்கலாம்.

பிளேஸ்டேஷன் 5 க்கு எம்.2 எஸ்எஸ்டி வாங்க முடிவே செய்துவிட்டேன், தடுக்காதீர்கள். 5,500, 7,000, 7,400 என்று எண்கள் குழப்புகின்றன. பெரிய எண் வாங்கினால் கேம் இன்னும் விரைவாகத் திறக்குமா? நானே பொருத்த முடியுமா?
— பொறியியல் மாணவர்

தடுக்கவில்லை. எண்ணை முதலில் முடித்துவிடுவோம். தயாரிப்பாளரான சோனி பரிந்துரைப்பது நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல். கன்சோலின் உள்ளே பிறவியிலேயே இருக்கும் எஸ்எஸ்டியின் வேகமும் 5.5 ஜிபிதான். கேம்களை எழுதுகிறவர்கள் அந்த உள் வேகத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். 7,400 வாங்கினால் பொருத்தி முடித்ததும் கன்சோல் அளந்து காட்டும் எண்ணில் பெருமைப்படலாம், ஆட்டத்தில் வித்தியாசம் காண்பது கடினம். அந்தக் கூடுதல் பணத்தைக் கொள்ளளவில் போடுங்கள்.

வேகத்தைவிட வகைதான் முக்கியம். எம்.2 என்பது மெல்லிய பலகைபோன்ற வடிவத்தின் பெயர் மட்டும்தான். அதில் வேண்டியது பிசிஐஇ நான்காம் தலைமுறை என்விஎம்இ என்ற வகை. எம்.2 வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது, பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், ஆனால் கன்சோல் ஏற்காது. மூன்றாம் தலைமுறையும் வேண்டாம். ஐந்தாம் தலைமுறை வாங்கினாலும் இந்தச் செருகிடத்தில் நான்காம் தலைமுறை வேகம்தான் கிடைக்கும். கொள்ளளவு 250 ஜிபி முதல் 8 டிபி வரை. தொடக்கத்தில் 4 டிபிதான் வரம்பாக இருந்தது, 2023 செப்டம்பரில் உயர்த்தினார்கள்.

ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பட்டை, கட்டாயம். இங்கேதான் பலர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அலைகிறார்கள். கணினிக்கென்று செய்த ஹீட்சிங்க்குகள் கோபுரம்போல் உயரமாக இருக்கும். இந்தக் கன்சோலில் எஸ்எஸ்டியும் ஹீட்சிங்க்கும் சேர்ந்து மொத்தத் தடிமன் 11.25 மி.மீ., அதில் பலகைக்கு மேலே 8 மி.மீ., அகலம் 25 மி.மீ. இதற்கு மேல் போனால் மூடி மூடாது. அளவுகோலை எடுத்துக்கொண்டு வாங்கப் போங்கள், அல்லது ஹீட்சிங்க் ஒட்டியே வரும் தாழ்வான ரகத்தைக் கேளுங்கள்.

பொருத்துவது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். நான் பழுது பார்க்கும் மேசையில் இதற்கென்று தனிக் கருவி ஏதும் வைத்திருக்கவில்லை, சிறிய நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்றுதான். முதலில் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். 2021 செப்டம்பருக்கு முந்தைய மென்பொருளுக்கு இந்தச் செருகிடம் இருப்பதே தெரியாது. பிறகு ஓய்வுப் பயன்முறையில் விடாமல் முழுவதுமாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஆறும்வரை காத்திருங்கள். பக்க மூடியைக் கழற்றினால் ஒற்றைத் திருகுடன் ஒரு நீளமான உலோகத் தகடு தெரியும். அதன் அடியில்தான் செருகிடம். உள்ளே 110, 80, 60, 42, 30 என்று எண்ணிட்ட துளைகள் வரிசையாக இருக்கும். அவை எஸ்எஸ்டியின் நீளத்துக்கானவை. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் 2280 ஆக இருக்கும், அதாவது 80 மி.மீ. ஆகவே 110 இல் இருக்கும், எஸ்எஸ்டியின் முனையைத் தாங்கும் குட்டி ஸ்பேசரைக் கழற்றி 80 இல் வைக்க வேண்டும். அந்த ஸ்பேசர் விழுந்தால் உருண்டு போய் ஒளிந்துகொள்ளும். விரிப்பின் மேல் வேலை செய்யாமல், வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்துச் செய்யுங்கள். எஸ்எஸ்டியைச் சற்றே சாய்த்து முழுவதுமாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தித் திருகை முடுக்குங்கள். நின்றதும் நிறுத்துங்கள், பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல. உலோகத் தகட்டைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

மின்சாரம் கொடுத்ததும் கன்சோல் புதிய எஸ்எஸ்டியை மட்டும் ஃபார்மேட் செய்யக் கேட்கும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கேம்களுக்கு ஒன்றும் ஆகாது. அதன்பின் புதுக் கேம்கள் எங்கே நிறுவப்பட வேண்டும் என்பதை அமைப்புகளில் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, எஸ்எஸ்டி போட்டும் இடமில்லை என்கிறது என்று எழுதுகிறவர்கள் மாதம் தவறாமல் இருக்கிறார்கள்.

மாமா, எஸ்எஸ்டி போட்டால் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும், எஃப்பிஎஸ் கூடும் என்று என் நண்பன் சொல்கிறான். கூடாது என்று நான் சொல்கிறேன். யார் சரி?
— எட்டாம் வகுப்பு மாணவன்

நீதான் தம்பி, ஆனால் முழு மதிப்பெண் தர மாட்டேன். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வரையலாம் என்பது செயலியும் வரைகலைச் சில்லும் செய்யும் வேலை, அதில் டிஸ்க்குக்குப் பங்கு மிகக் குறைவு. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் திறந்தவெளிக் கேமில் நீ காரை வேகமாக ஓட்டும்போது, தூரத்துக் கட்டடம் முதலில் களிமண்போல் மொழுக்கென்று இருந்து பிறகுதான் சுவரும் சன்னலும் முளைக்கும், பார்த்திருப்பாய். சில நேரம் ஒரு கணம் திக்கிக்கூட நிற்கும். அது டிஸ்க்கால் வருவது, எஸ்எஸ்டியில் குறையும். உன் நண்பன் பார்த்தது அதுவாக இருக்கலாம். இணையத்தில் சேர்ந்து ஆடும் போட்டியில் உனக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: எல்லோருக்கும் முன்பாகக் களத்துக்கு வந்து, மற்றவர்கள் வரும்வரை காத்திருக்கலாம்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருக்கிறேன். 4 டிபி யுஎஸ்பி டிஸ்க் செருகினேன். சில கேம்கள் ஓடுகின்றன, சில “நகர்த்துங்கள்” என்று அடம்பிடிக்கின்றன. டிஸ்க் பழுதா?
— இரவுப்பணிச் செவிலியர்

பழுது இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன், 360, அதற்கும் முந்தைய காலத்துக் கேம்கள் யுஎஸ்பியிலிருந்து ஓடும். சீரிஸ் எக்ஸ், எஸ் கருவிகளுக்கென்று மேம்படுத்தியவை உள் எஸ்எஸ்டியில் இருந்தோ, பின்பக்கம் செருகும் விரிவாக்க அட்டையில் இருந்தோதான் ஓடும். அந்த அட்டையைத் தொடக்கத்தில் சீகேட் மட்டுமே செய்தது, 2023 இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் வந்தது. பொருத்துவதில் இதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. திருகில்லை, ஹீட்சிங்க் இல்லை, செருகினால் முடிந்தது. அந்தச் சுலபத்துக்கு விலையும் உண்டு. எந்தத் தயாரிப்பு எஸ்எஸ்டி வேண்டுமானாலும் போடலாம் என்ற சுதந்திரம் இதில் கிடையாது.

உங்கள் கருவியில் வட்டு போடும் இடமே இல்லை, எல்லாம் இணையம் வழியாகத்தான் வர வேண்டும். 364 ஜிபி சீக்கிரம் நிரம்பும். ஆனால் 4 டிபி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைக் கிடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பணிக்குக் கிளம்பும் முன் நகர்த்தப் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கேம் உள்ளே தயாராக இருக்கும். இரண்டு மாதம் அப்படி ஓட்டிப் பாருங்கள். நகர்த்துவதே எரிச்சலாக இருந்தால் அட்டை வாங்கலாம்.

நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2 டிபி மைக்ரோ எஸ்டி அட்டை நம்ப முடியாத மலிவில் கிடைத்தது. முதலில் நன்றாக இருந்தது. இப்போது கேம்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. ஸ்விட்ச் கெட்டுவிட்டதா?
— இரு குழந்தைகளின் தாய்

நம்ப முடியாததை நம்பாமல் இருந்திருக்கலாம், அம்மா. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லை வைத்து, கேட்பவர்களிடம் 2 டிபி என்று சொல்லும்படி எழுதிவிடுகிறார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் புதிதாக எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது எங்குமே பதிவாகாது. அதனால்தான் முதல் சில வாரங்கள் நன்றாக இருந்தது. அட்டை முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் கணினிக்குக் கிடைக்கின்றன. ஓர் இரவு ஓடவிட்டால் அட்டையின் உண்மையான அளவு தெரிந்துவிடும். எந்தப் புது அட்டை வாங்கினாலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

ஆறுதலான செய்தி: ஸ்விட்ச் சேமிப்புக் கோப்புகளை அட்டையில் வைப்பதே இல்லை. அவை கருவியின் உள் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. குழந்தைகளின் முன்னேற்றம் போகவில்லை. கேம்களை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 ஐ வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் 256 ஜிபி உள்ளே இருக்கிறது. கூடுதலாக வேண்டுமென்றால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகை அட்டைதான் செல்லும். பழைய அட்டையைச் செருகினால் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் பார்க்கலாம், கேம் நிறுவ முடியாது.

எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்கிறார்களே?
— கணக்காயர்

தேயும். கணக்குப் போடுங்கள். 1 டிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். 100 ஜிபி கேமை 6,000 முறை அழித்து நிறுவினால்தான் அந்த எல்லை வரும். தினமும் ஒன்று என்றாலும் 16 ஆண்டுகள். ஆடும்போது நடப்பது பெரும்பாலும் படிப்புதான், அதில் தேய்மானம் இல்லை.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது? கணினியில் செருகினால் காலி என்கிறது.
— பெயர் வேண்டாம் என்றவர்

காலி இல்லை. பிளேஸ்டேஷன் 4 தன் உள் டிஸ்க்கில் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து, அதாவது தனக்கு மட்டும் புரியும் பூட்டு போட்டுத்தான் எழுதும், கணினியால் அதைப் படிக்க முடியாது. கணினி ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும்போது அவசரப்பட்டுச் சரி என்று அழுத்தாதீர்கள். புதிய டிஸ்க்கில் சேமிப்புக் கோப்புகள் எல்லாம் வந்து, நீங்கள் முக்கியமாக நினைக்கும் கேம்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும்வரை பழையது ஓர் உறையில் அப்படியே இருக்கட்டும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதே கன்சோலில் திரும்ப மாட்டி எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தால், 2.5 அங்குல டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 கூடு ஒன்றில் போட்டு அதே கன்சோலிலேயே வெளி டிஸ்க்காகச் செருகுங்கள், 500 ஜிபி என்பதால் ஏற்றுக்கொள்ளும். டக் டக் சத்தத்துக்காகக் கழற்றியதாக இருந்தால் மட்டும் கூடு வாங்காதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.